சம்மதப் பொத்தான்

பொழுது விடியும் நேரத்தில்தான் எங்கள் வேலை உச்சத்துக்கு வரும். கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் எரியும். ஏசி எலும்புவரை குத்தும். சர்வர் அறையின் இரைச்சல் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் காதை விடாது. ஆஸ்பத்திரி, குடிநீர் வாரியம், பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றின் டேட்டாபேஸும் எங்கள் பொறுப்பு.

முன்பெல்லாம் ஒரு டேட்டாபேஸ் படுத்துக்கொண்டால் நாங்கள் இறங்கிப் பழுது பார்ப்போம். இப்போது அது தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறதாம். முதலாளி வாங்கி வந்த அந்த மென்பொருளுக்கு நாங்கள் வைத்த பெயர் டாக்டர். டாக்டர் நோயைக் கண்டுபிடிப்பார், மருந்தும் எழுதுவார். கீழே 'சம்மதம்' என்றொரு பொத்தான் இருக்கும். அதை எங்கள் பெயரில் நாங்கள் அழுத்த வேண்டும். நிதானமாகப் படித்தால் நேரம் கடந்துவிட்டதென்று திரை சிவக்கும், சம்பளத்தில் கை வைப்பார்கள். டாக்டர் வந்த கையோடு முதலாளி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டதால், மொத்தப் பொத்தானும் மிச்சமிருந்த எங்கள் தலையில் விழுந்தது. எல்லோருமே படிக்காமல்தான் அழுத்தினோம்.

அன்று அழுத்தியது அக்கா. எங்களில் மூத்தவள், எல்லோருக்கும் அக்கா. ஆஸ்பத்திரியில் ஒரே பெயரும் ஒரே பிறந்த தேதியும் கொண்ட இரண்டு பெண்கள் இருந்திருக்கிறார்கள். ஒரே ஆளை இரண்டு முறை பதிந்துவிட்டார்கள் என்று டாக்டர் முடிவுகட்டி, ஒருத்தியின் பதிவை அழித்துவிட்டார். மற்றவளின் பதிவைப் பார்த்து அவளுக்கு வேறு வகை ரத்தம் ஏற்றப் போகும்போது நர்ஸ் ஒருத்தி சந்தேகப்பட்டு நிறுத்தியதால் அந்தப் பெண் பிழைத்தாள்.

ஷிஃப்ட் முடியும் முன்பே முதலாளி வந்து நின்றார்.

"உங்க பேருதானே இருக்கு? ஆஸ்பத்திரிக்கு நான் பதில் சொல்லணும். இன்னிக்கே கிளம்பிடுங்கம்மா."

"டாக்டர் எழுதினதுக்குத்தானே சார் அழுத்தினேன்?" அக்காவின் குரல் உடைந்தது. "இந்தக் கெட்ட பேரோட வெளிய போனா எனக்கு எவன் சார் வேலை குடுப்பான்?"

"மெஷின் மேல கேஸ் போட முடியுமா? படிச்சுப் பாத்துட்டு அழுத்தியிருக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்தால் சம்பளத்தைப் பிடிப்பவர், படிக்கவில்லை என்று வேலையையே பிடுங்குகிறார்! நான் வாயைத் திறப்பதற்குள் மூலையிலிருந்து, தடிக் கண்ணாடியால் சோடாபுட்டி என்று நாங்கள் பெயர் வைத்த பையன் எழுந்தான். கேட்டதற்கு 'ம்' போடுவதைத் தவிர வேறு பேச்சறியாதவன்.

"சரி சார். இனிமே படிச்சே அழுத்துறோம்."

உட்கார்ந்து, டாக்டர் எழுதியதை வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தான். பக்கத்து இருக்கைக்காரியும் வாசித்தாள். நானும் வாசித்தேன். எதை அழிக்கிறது, ஏன் அழிக்கிறது என்று வரி வரியாகப் பார்த்தோம். திரைகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

"வேணாம்டா, உங்க பொழப்பும் போயிடும்," என்று அக்கா என் தோளைப் பிடித்தாள்.

"போனா எல்லாருக்கும் போகட்டும்க்கா."

"என்னய்யா விளையாட்டு இது?" முதலாளி கத்தினார். "குடிநீர் வாரியம் காத்துக்கிட்டிருக்கு. அழுத்துங்க!"

சோடாபுட்டி எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினான். "அவசரம்னா நீங்களே அழுத்துங்க சார். உங்க பேர்ல."

முதலாளி வீம்புக்கு உட்கார்ந்து தன் பெயரை அடித்தார். ஒரு தெருவின் குழாய் இணைப்புகள் முழுவதையும் பழைய பதிவு என்று அழிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். முதலாளியின் விரல் பொத்தானுக்குப் போய் நின்றது.

"இது சரிதானா?"

நாங்கள் எங்கள் திரைகளைத் தொடர்ந்து வாசித்தோம். விரல் திரும்பி வந்தது.

அதற்குள் அடுத்த ஷிஃப்ட்காரர்கள் வந்துவிட்டார்கள். நடந்ததைக் கேட்டு, தோள்பையைக்கூட இறக்காமல் எங்களோடு வந்து நின்றார்கள்.

"சரி, அந்தம்மா விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம்," என்று முதலாளி எழுந்தார்.

"இப்பவே பேசலாம் சார்," என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நாங்கள் எல்லோரும் அவளை ஒட்டி உட்கார்ந்தோம்.