தூங்குமூஞ்சி மரத்தடியில் சொன்ன வாக்கு

கண்ணைத் திறந்தபோது சந்திரகலாவின் காலடியில் ஒரு பெண் விழுந்து கிடந்தாள்.

யாரோ மயங்கிவிட்டார்கள் என்றுதான் முதலில் பதறினாள். பிறகுதான் அந்தப் பெண்ணின் கைகள் தலைக்கு மேல் கூப்பியிருப்பதும், செருப்பு இரண்டும் பத்தடி தள்ளி ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருப்பதும் தெரிந்தன. அறுபதை ஒட்டிய வயது. பக்கத்தில், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் வைத்திருப்பதுபோல் ஒரு கூடை. "ஆத்தா, ஒரு வார்த்தை சொல்லு ஆத்தா" என்று மண்ணைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

சந்திரகலா தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். வெறுங்கால். மஞ்சள் பஞ்சாபி உடை. கிளிப் எங்கேயோ விழுந்து, கூந்தல் இடுப்புவரை அவிழ்ந்து கிடந்தது. பின்னால் பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் இடுப்பில் யாரோ என்றைக்கோ சுற்றிவிட்டுப் போன மஞ்சள் துணி, வேரோரத்தில் நட்டுவைத்த ஒரு சின்னச் சூலம். இந்த மரத்தடியில் அவள் கால்மணி நேரமாகக் கண்ணை மூடிக்கொண்டு ஆடியிருக்கிறாள். கிள்ளானில் பிறந்து வளர்ந்த எந்தத் தமிழச்சியும் இதைப் பார்த்துவிட்டு உடற்பயிற்சி என்று நினைக்கமாட்டாள்.

உண்மையில் அது உடற்பயிற்சியும் இல்லை. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கெழுதும் கிராணி வேலை. கன்டெய்னர் நம்பர்களைச் சரிபார்த்துச் சரிபார்த்து, படுத்தாலும் கண்ணுக்குள் நம்பர்தான் ஓடும். தூக்கம் போய் ரத்தக்கொதிப்பு வந்தது. கிளினிக் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துதான் இந்த ஏரிப் பூங்காவுக்கு வந்தாள். நடத்துகிற பெண் விஷ்ணுப்ரியா, நாட்டியம் படித்தவள். ஆனால் அடவு, தாளம் எதுவும் சொல்லித்தரமாட்டாள். ஞாயிறு காலையில் எட்டுப் பேரை நிற்கவைத்து ஒரு கேள்வி கேட்பாள். "ஏதாவது ஒரு மரத்துக்கிட்ட போய் நில்லுங்க. காத்து வர்றது மரத்துல முதல்ல எதுக்குத் தெரியும்? வாயால சொல்லாதீங்க, உடம்பால தேடுங்க." முதல் வாரம் சந்திரகலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்றாம் வாரம் அவளை அறியாமல் கை உயர்ந்தது, இடுப்பு அசைந்தது, அன்று வீட்டுக்குப் போய்க் குழந்தை மாதிரி தூங்கினாள். கணவன் பாலனிடம் வாக்கிங் போவதாகச் சொல்லிவைத்திருந்தாள். ஐம்பதைத் தொடப்போகிறவள் திறந்தவெளியில் ஆடுகிறாள் என்று தெரிந்தால் தாமான் குடியிருப்பில் நாலு பேர் நாலுவிதமாகப் பேசுவார்கள். அதனால்தான் மற்றவர்கள் ஏரிக்கரையில் ஆட, இவள் மட்டும் ஆள் பார்க்காத மூலையாகத் தேடி இந்த மரத்தடிக்கு வந்தாள்.

"அவருக்கு இனிப்பு நீரு ஆத்தா," என்றாள் அந்தப் பெண். "காலு அழுகிப்போச்சு. முட்டிக்குக் கீழ எடுக்கணும்னு டாக்டரு சொல்றாரு. 'நீ சொல்லு இராஜம்மா, நீ சொன்னா சைன் பண்றேன்'னு என் தலையில போட்டுட்டாரு மனுஷன். முப்பது வருஷம் லோரி ஓட்டுன காலு. எடுக்கவா, வேணாமா?"

"நான் சும்மா ஆடிக்கிட்டு இருந்தேங்க்கா" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சும்மா எதற்கு ஒருத்தி மரத்தடியில் ஆடுவாள்? அது மட்டும்தான் காரணம் என்று பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள். பொய். கிடங்கில் இருபத்தைந்து வயது சூப்பர்வைசர்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விரலால் வரச்சொல்லுவான். இங்கே ஒருத்தி காலில் விழுந்து கிடக்கிறாள். அது பிடித்திருந்தது. அரை நிமிடம்தான், ஆனால் பிடித்திருந்தது. அவள் குரலைக்கூட மாற்றிக்கொண்டாள்.

"கால் நிக்கும். போ."

இராஜம்மா நீட்டிய திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசியும்விட்டாள்.

அந்த வாரம் தூக்கம் வரவில்லை. கணவர் பெயரோ வார்டு நம்பரோ கேட்டு வைக்கவில்லை. சாமி வந்தவள் அதையெல்லாமா கேட்பாள்? புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போய், ஆண்கள் வார்டு ஒவ்வொன்றாக ஏறி இறங்கித் தேடினாள். மூன்றாவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலில், இராஜம்மா ஒருவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். போர்வைக்கு வெளியே கட்டுப் போட்ட கால் நீட்டிக்கொண்டிருந்தது. சந்திரகலா கதவோரத்தில் இரண்டு நிமிடம் நின்றாள். இத்தனை பேர் முன்னால் என்னவென்று சொல்வது? லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கி வந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு, கூந்தலை இறுக்கிப் பின்னிக்கொண்டு போனாள். இராஜம்மா மரத்தடியில் எலுமிச்சை மாலையும் புது மஞ்சள் துணியுமாகக் காத்திருந்தாள்.

"வாங்க தாயி. உங்க வாக்குப்படியே வேணாம்னு சொல்லிட்டேன். நேத்துலேர்ந்து அவருக்குக் காய்ச்சலு. விஷம் மேல ஏறுது, இன்னைக்குள்ள முடிவு சொல்லுங்க, இல்லாட்டி உசுருக்கே ஆபத்துன்னு டாக்டரு பயமுறுத்துறாரு. நான் அசையல. ஆத்தா சொல்லிட்டா, அப்புறம் என்னா?"

சந்திரகலா மாலையை வாங்கவில்லை. "அக்கா, எனக்குச் சாமியெல்லாம் வரல. அந்தா, அவங்களோட டான்ஸ் பண்ண வந்தேன். நான் சொன்னது பொய். டாக்டர் சொல்றபடி செய்யுங்க."

இராஜம்மா பதறவில்லை. இரக்கத்தோடு சிரித்தாள். "சாமி மலையேறுனதுக்கு அப்புறம் ஆடுனவங்களுக்கு ஒன்னும் ஞாபகம் இருக்காது தாயி. எனக்குத் தெரியாதா?"

"எல்லாம் ஞாபகம் இருக்குக்கா. அன்னைக்கு நீங்க செருப்பை அங்க விட்டீங்க. திருநீறு பச்சைப் பிளாஸ்டிக் பையில இருந்துச்சு. புதன்கெழமை வார்டுக்கே வந்தேன். நீங்க கஞ்சி ஊட்டுனதைப் பார்த்தேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு, ஓடிட்டேன்."

"பாத்தீங்களா, ஆத்தா அங்கயும் வந்திருக்கா," என்று இராஜம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இனி வாயால் சொல்லிப் பயனில்லை. சந்திரகலா பின்னலை அவிழ்க்கவில்லை, செருப்பைக் கழற்றவில்லை, கண்ணை மூடவில்லை. இராஜம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே ஆட ஆரம்பித்தாள். காற்று அறவே இல்லை. உடம்பு மரக்கட்டையாக இருந்தது. "பாருங்கக்கா, இப்ப வலது கையத் தூக்குறேன். இப்ப இடுப்பை வளைக்கிறேன். நான்தான் செய்றேன். வேற யாரும் இல்ல." ஏரிக்கரையில் விஷ்ணுப்ரியாவும் மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நடக்க வந்த ஒருவர் நின்று போனை எடுத்தார். சந்திரகலாவின் காது மடலெல்லாம் எரிந்தது. முழுதாக ஒரு சுற்று சுற்றி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு, அன்றைய குரலைத் தொண்டைக்குள் தேடி எடுத்தாள். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் இழுப்பு. அப்படியே வந்தது.

"கால் நிக்கும். போ."

சொல்லிவிட்டுத் தன் சொந்தக் குரலில், "இப்படித்தான்க்கா சொன்னேன். நானா சொன்னேன்," என்றாள்.

இராஜம்மாவின் முகத்தில் சிரிப்பு எந்த நொடியில் போனது என்று சொல்ல முடியாது. எலுமிச்சை மாலை கையில் தொங்கியது. அவள் திட்டவில்லை, அறையவில்லை. அறைந்திருந்தால் சந்திரகலாவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அந்தப் பெண் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து மகளை அழைத்தாள்.

"தாமரை... அப்பாகிட்ட குடு."

அந்தப் பக்கம் ஈனசுரத்தில் ஒரு ஆண் குரல் ஹலோ என்றது, மறுபடியும் ஹலோ என்றது. இராஜம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, காலை எடுக்கச் சம்மதம் சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடினாள். சந்திரகலாவின் கைகள் இன்னும் தலைக்கு மேலேதான் இருந்தன.