பிலடெல்பியாவில் எடுத்த படங்கள்

கோவிந்தராசு செல்போனை டிவியோடு இணைத்துவிட்டு சோபாவில் சாய்ந்தபோது முதலில் வந்தது அந்த மணியின் படம்தான். கண்ணாடிச் சுவர் வைத்த கூடத்தில் தொங்கும் பழைய வெண்கல மணி. அதன் உடம்பில் கீழிருந்து மேலாக ஒரு பெரிய விரிசல். மணிக்கு முன்னால் அம்சவல்லி, சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் காலில் ஷூவுமாக, கைகளைத் தொங்கப்போட்டு பள்ளிக்கூட குரூப் போட்டோவில் நிற்பதுபோல் நின்றிருந்தாள்.

"சுதந்திர மணி சம்பந்தியம்மா. இதப் பாக்கத்தான் அவ்ளோ கூட்டம்," என்றார் அவர், தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தவரைப்போல.

மருமகன் தர்மராஜின் அம்மா பூங்கோதை சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். "ஒடஞ்சி போயில்ல இருக்குது," என்றாள்.

அம்சவல்லியும் அன்றைக்கு அதைத்தான் சொன்னாள். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக பொம்மைகளுக்கு விளிம்பு சீவி ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. முடி அளவு கோடு தெரிந்தாலே அந்தப் பொம்மையைத் தூக்கி உடைசல் குவியலில் போட்டுவிடுவார்கள். 'எங்க கம்பெனியா இருந்தா இத வாசல்லகூட வெச்சிருக்க மாட்டாங்க மாப்ள' என்று அவள் சொன்னதும் தர்மராஜ் வாய்விட்டுச் சிரித்தான். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு அதை இங்கிலீஷில் சொன்னான். அவர்களும் சிரித்து, அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். அவனுக்கு யாரையும் இரண்டு நிமிஷத்தில் சிரிக்க வைக்கத் தெரியும்.

மகள் மோகனப்பிரியாவின் பிரசவத்துக்காக மார்ச்சில் போய், ஆகஸ்ட் கடைசியில் திரும்பியிருந்தாள் அம்சவல்லி. வந்து பத்து நாள் ஆகிறது. குழந்தை பிறந்து ஒரு மாதம் கழிந்ததிலிருந்து சனிக்கிழமை தவறாமல் தர்மராஜ் அவர்களை ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போனான். எந்த மியூசியம் எத்தனை மணிக்குத் திறக்கும், எங்கே நிழல் இருக்கும், அத்தை சாப்பிடுகிற மாதிரி எங்கே என்ன கிடைக்கும் என்று எல்லாவற்றையும் முதல் நாளே பார்த்து வைத்திருப்பான். குழந்தையை நெஞ்சோடு பையில் கட்டிக்கொண்டு முன்னால் நடப்பான். 'இப்படி ஒரு மாப்ள யாருக்குக் கெடைக்கும்' என்று அவள் போனில் வீட்டுக்குச் சொல்லாத வாரமில்லை. கம்பெனியில் கூட வேலை செய்யும் வீராயிக்கும் சொன்னாள்.

அடுத்த படத்தில் கூரையில்லாத வீடு ஒன்று வந்தது. செங்கல் சுவர்கள் பாதியில் நிற்க, ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வானம் தெரிந்தது.

"இது என்ன, கட்டாம வுட்டுட்டாங்களா?" என்றாள் பூங்கோதை.

"அவங்க மொதல் ஜனாதிபதி இருந்த வூடாம்," என்றாள் அம்சவல்லி. "அடிமைங்கள வெச்சிருந்தாராம். அதுல ஒரு பொண்ணு, வூட்டுல எல்லாரும் சாப்புட்டுக்கிட்டு இருக்கும்போது வெளிய போயிடுச்சாம். மாப்ளதான் சொன்னாங்க."

"அப்பறம் புடிச்சிட்டாங்களா?"

"இல்லையாம். ஆள வுட்டுத் தேடியும் கடேசி வரைக்கும் திரும்பி வரலையாம்."

பூங்கோதை முந்தானையை இன்னொரு முறை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

படங்கள் ஓடின. முந்நூறு வருஷமாக ஜனங்கள் குடியிருக்கும் குறுகலான சந்து, அதில் ஒவ்வொரு வாசலிலும் பூத்தொட்டிகள். சுவர் முழுக்க ஒரு மாடி உயரத்துக்கு வரைந்த முகங்கள். மீனும் தக்காளியும் தெருவில் வைத்து விற்கும் இத்தாலிக்காரர்கள் மார்க்கெட். கோவிந்தராசு ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் சொன்னார். கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்த மனிதர்; நெய்வேலியைத் தாண்டிப் பெரிதாக எங்கும் போனதில்லை. மனைவி அனுப்பிய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து அந்த ஊர்த் தெருக்களே அவருக்கு மனப்பாடமாகியிருந்தன. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் இந்தப் பத்து நாளும் அம்சவல்லி வாயைத் திறக்கவில்லை. அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பஸ் படம் வந்தது.

கூரையில்லாத மாடி பஸ். மேல்தட்டில் தர்மராஜ் முன் சீட்டிலிருந்து கையை நீட்டி எடுத்த செல்ஃபி. அவன் மார்பில் குழந்தையின் தலை, பின் சீட்டில் அம்சவல்லியும் பிரியாவும். எல்லாருடைய முடியும் காற்றில் பறந்தது. ஜூலை வெயிலில் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் அரைக்கையும் பனியனுமாக இருந்தார்கள். பிரியா மட்டும் மணிக்கட்டுவரை மூடிய நீலச் சட்டை போட்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் படத்தை எடுத்த பிறகு தர்மராஜ் திரும்பி உட்கார்ந்து காதில் இயர்போனை மாட்டிக்கொண்டான். ஊர்ச் சரித்திரம் சொல்லும் ஒரு ஆப் அவனிடம் இருந்தது. பஸ் ஒரு சதுக்கத்தைச் சுற்றித் திரும்பும்போது பிரியா கையை நீட்டி ஒரு சிலையைக் காட்டினாள்.

"அம்மா, அந்தச் சிலையப் பாரு. பாத்துக்கிட்டே கேளு. என் மொகத்தப் பாக்காத. வூட்டுல ஹால்ல கேமரா இருக்குது, அதான் அங்க சொல்லல."

அம்சவல்லி சிலையைப் பார்த்தாள்.

"பக்கத்து வூட்டுப் பொம்பளகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்னு போன வாரம் கைய முறுக்கிட்டாரு. மொழங்கைக்கு மேல கருத்துப் போயி இருக்குது. நீ வந்தப்பறம் இது ஒரு தடவதான். முன்னாடி மாசத்துக்கு மூணு தடவ." கை இன்னொரு கட்டடத்தைக் காட்டியது. "பாஸ்போர்ட்டு அவரு ஆபீஸ்ல இருக்குது. குழந்தையுதும். வயித்துல அஞ்சு மாசம் இருக்கும்போது பால்கனியில தள்ளிக் கதவச் சாத்திட்டாரு. பனி கொட்டிச்சும்மா. நீ போவும்போது என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிடு."

குரலில் அழுகை இல்லை. வகுப்பில் பாடம் ஒப்பிக்கிறவள்போல் ஒரே சீராகச் சொன்னாள். முன் சீட்டில் குழந்தையின் பிஞ்சுக்கால் ஒன்று பைக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது. தர்மராஜ் அதைத் தன் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தான்.

அந்த நேரத்தில் அம்சவல்லியின் மனதில் என்னென்னவோ ஓடின. மண்டபத்தில் அறுநூறு பேர் சாப்பிட்ட கல்யாணம். 'அமெரிக்கா மாப்ள' என்று தெருவே பேசியது. கைக்குழந்தையோடு இவள் வந்து நின்றால் கேள்வி கேட்கப் போகிற முகங்கள், ஒவ்வொன்றாக, பெயரோடு. அதற்கெல்லாம் பிறகுதான் அந்தக் கருத்துப்போன கை. அந்த வரிசையை நினைத்துத்தான் இப்போது அவளுக்குத் தூக்கம் வருவதில்லை.

"புள்ள பொறந்தாச்சுல்ல. போவப் போவ சரியாயிடும்டி. கொஞ்சம் அனுசரிச்சிப் போ," என்றாள்.

தர்மராஜ் ஒரு இயர்போனைக் கழற்றிக்கொண்டு திரும்பினான். அம்சவல்லி சட்டென்று கையை நீட்டி, "அது என்ன கட்டடம்?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"அது சிட்டி ஹாலும்மா," என்றாள் பிரியா. "மேல நிக்கிறவருதான் இந்த ஊர உண்டாக்குனவரு."

"கரெக்டா சொல்றாளே," என்று சிரித்துவிட்டு அவன் மறுபடி இயர்போனை மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு இருந்த நான்கு வாரமும் பிரியா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விமான நிலையத்தில்கூட, "போயிட்டு வாம்மா, அப்பாவ மாத்திர ஒழுங்காப் போடச் சொல்லு" என்றுதான் சொன்னாள்.

"அண்ணே, இந்தப் படத்த செத்த நிறுத்துங்க," என்றாள் பூங்கோதை.

கோவிந்தராசு நிறுத்தினார். அவள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். பேரப்பிள்ளையைப் பார்க்கிறாள் என்று நினைத்து அவர், "அப்புடியே மாப்ள ஜாடை, இல்ல?" என்றார். "ஆமாங்கண்ணே," என்றாள். பிறகு தண்ணீர் வேண்டும் என்று அம்சவல்லியோடு சமையலறைக்கு வந்தாள்.

தண்ணீரை வாங்கி மேடையில் வைத்தாள். குடிக்கவில்லை.

"கையி இப்ப எப்புடி இருக்குது அதுக்கு?"

அம்சவல்லிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கேஸ் அடுப்பை எதற்கோ பற்றவைத்து, உடனே அணைத்தாள்.

"சம்பந்தி... யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஆடி வெயில்ல முழுக்கை ஜாக்கெட்டு தெச்சிப் போட்டவ நான். ஊருல கேட்டா, எனக்கு வெயிலு ஒத்துக்காதும்பேன்." பூங்கோதை கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "தர்மாவோட அப்பாவ வெளியில பாத்தா கோயில் சிலை கணக்கா இருப்பாரு. அதிர்ந்து ஒரு வார்த்த பேச மாட்டாரு. சுப்புராயன்னா சேத்தியாத்தோப்புல எழுந்து நிப்பாங்க. இவன் ஒம்பதாவது படிக்கும்போது ஒரு நாள் குறுக்க வந்து நின்னான். என்னா சொன்னாருன்னு தெரியல, அதுக்கப்பறம் குறுக்க வரல. படிச்சி அவ்ளோ தூரம் போறான், இந்தக் கொணம் அவன்கூடப் போவாதுன்னு நெனச்சேன்."

அம்சவல்லி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது உங்ககிட்ட சொல்லிச்சா?" என்றாள் பூங்கோதை.

"சொல்லிச்சு. கூட்டிக்கிட்டுப் போன்னு கேட்டுது."

"நீங்க?"

'அனுசரிச்சிப் போ' என்ற அந்த வார்த்தையை அம்சவல்லியால் சொல்ல முடியவில்லை. பூங்கோதை காத்திருந்தாள். பிறகு, எல்லாம் தெரிந்துவிட்டதுபோல் தலையை ஆட்டினாள். "எங்கம்மாவும் அதான் சொன்னிச்சி," என்றாள். அதில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

கூடத்துக்கு வந்து அம்சவல்லி கணவரிடம் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். பஸ், கை, பால்கனி, பாஸ்போர்ட். கோவிந்தராசு ரிமோட்டைக் கையில் வைத்தபடி கேட்டார். டிவியில் அவருடைய மகள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"ஜூலை கடேசில."

"நீ வந்து பத்து நாளாவுது அம்சா."

பூங்கோதை தன் கைப்பையிலிருந்து போனை எடுத்து, மகனின் எண்ணைத் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். இங்கே சாயங்காலம் ஆறு மணி, அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்றாவது மணியிலேயே எடுத்தான்.

"என்னம்மா, அதிசயமா இந்த நேரத்துல?"

"விருத்தாசலத்துல உன் மாமியாரு வூட்டுல இருக்கேன்."

"ஓ! அத்தை நல்லா இருக்காங்களா? போட்டோல்லாம் பாத்தியா?" ஸ்பூன் கோப்பையில் கலக்கும் சத்தம் கேட்டது. பின்னால் எங்கோ குழந்தை சிணுங்கியது. அதைச் சமாதானப்படுத்தும் ஒரு குரலும் இருந்தது.

"பாத்தேன். தர்மா, அந்தப் பொண்ணு பாஸ்போர்ட்டையும் புள்ள பாஸ்போர்ட்டையும் அது கையில குடுத்துடு. ரெண்டும் இங்க வந்து கொஞ்ச நாளு இருக்கட்டும்."

ஸ்பூன் சத்தம் நின்றது.

"யாரும்மா என்ன சொன்னா உங்கிட்ட?"

"யாரும் சொல்லல. எனக்கு யாரும் சொல்ல வேணாம்னு உனக்கே தெரியும்."

அவன் மெல்லச் சிரித்தான். "அம்மா," என்றான், அதே பாசமான குரலில். "நீ அங்க வந்திருக்குறது அப்பாவுக்குத் தெரியுமா?"

பூங்கோதையின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கை மட்டும் தானாகப் போய் முந்தானையை இழுத்தது. கணவரிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கோவிந்தராசு போனை நோக்கிக் குனிந்தார். "மாப்ள, நான்தான் பேசுறேன். எம் பொண்ணுகிட்டக் குடுங்க."

"தூங்குறா மாமா. எழுந்ததும் பேசச் சொல்றேன்."

பின்னால் அந்தக் குரல் இன்னும் குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தது. லைன் அறுந்தது.

கோவிந்தராசு பிரியாவின் எண்ணுக்கு அடித்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அடித்தார். மறுபடியும். பிறகு அம்சவல்லி பக்கம் திரும்பி, "அங்க யாரத் தெரியும் நமக்கு? அந்தப் பக்கத்து வூட்டுப் பொம்பள பேரு என்னா? நம்பரு இருக்குதா?" என்று கேட்டார். அவள் யோசித்தாள். நரைத்த சுருட்டை முடி, ஒரு நாள் லிஃப்டில் குழந்தையைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டது. பெயர் தெரியாது. மணி எந்தப் பக்கம், ஆறு எந்தப் பக்கம், பழைய சந்துக்கு எங்கே இறங்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கிட்டத்தட்ட ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த அந்த ஊரில் ஒரு மனிதரின் போன் நம்பர்கூட அவளிடம் இல்லை.

மேசையில் பூங்கோதையின் போன் அதிர ஆரம்பித்தது. திரையில் 'அவரு' என்று இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். நின்றது. மூச்சு விடுவதற்குள் மறுபடி ஆரம்பித்தது.

"சேத்தியாத்தோப்பு பஸ்ஸு ஆறரைக்கு," என்றார் கோவிந்தராசு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு.

பூங்கோதை எழுந்தாள். கிளம்புகிறாள் என்று நினைத்து அம்சவல்லியும் எழுந்தாள். வாசலுக்குப் போன பூங்கோதை தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். குனிந்து, படியில் கழற்றிப் போட்டிருந்த தன் செருப்புகள் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, கதவுக்குப் பின்னால் சுவரோரமாக வைத்தாள்.