கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஊரில் அந்தப் படத்துக்குக் காகித டிக்கெட் கிடையாது. காசைக் கொடுத்தால் டார்லீன் தூரிகையை எடுத்து உங்கள் கழுத்தின் இடது பக்கம் இரண்டு சிவப்புப் புள்ளிகள் வைப்பாள். ரத்தக் காட்டேரி கடித்த தடம். அது இருக்கும்வரை உள்ளே போகலாம், வெளியே வரலாம், மறுபடியும் போகலாம். சோளப் பாகில் சிவப்புச் சாயமும் ஒரு சொட்டு நீலமும் கலந்தது அது. நீலம் சேர்க்காவிட்டால் ரத்தம் தக்காளிச் சாறு மாதிரி தெரியும். ஷூட்டிங்கின்போது அந்தக் கலவையை டார்லீனின் சமையலறையில்தான் காய்ச்சினார்கள். செய்முறையை அவள் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

படத்துக்கு மூலமான நாவலை அப்போது படிக்காத பெண்பிள்ளைகளே இல்லை. பதினேழு வயது அடேல், நூறு வருடமாகப் பதினேழு வயதிலேயே நிற்கும் சைலஸ், இருவருக்கும் நடுவில் காதலும் கழுத்தும். படமாக்க வந்தவர்கள் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் இருக்கும் எங்கள் மரவெட்டி ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எங்கள் அழகு அல்ல, எங்கள் வானம். வெயிலில் நிற்க முடியாத காட்டேரிகளுக்கு வெயிலே இல்லாத ஊர் வேண்டும் என்பது கதைக்கான காரணம். ஒளிப்பதிவாளருக்கு வேறொரு காரணம் இருந்தது. மேகம் மூடிய வானம் என்பது தலைக்கு மேலே விரித்த மாபெரும் வெள்ளைத் துணி. எதற்கும் நிழல் விழாது. காலையில் எடுத்ததையும் மாலையில் எடுத்ததையும் ஒட்டினால் தையல் தெரியாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கேமராவுக்கும் முகத்துக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து சொல்கிற வேலைக்கு ஊரிலிருந்து எடுத்துக்கொண்ட பெண் நான்தான். படம் முடிந்ததும் அவர்களோடேயே போய்விட்டேன். பத்து வருடமாக அட்லாண்டாவில் அதே தொழில். ஒவ்வொரு அக்டோபரிலும் ரசிகர்கள் இங்கே கூடிப் பள்ளி அரங்கத்தில் படம் பார்ப்பது செய்தியாகத்தான் தெரியும். இந்த வருடம், படத்துக்கு முன்னால் கொஞ்சம் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மதியக் காட்சி. மழை. பள்ளி முகப்பில் காபிக் குவளையோடு ஆர்வோ நின்றிருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். விடுதிகளிலிருந்து ரசிகர்களை அழைத்து வருவதும் அவர்தான். கழுத்தில் புள்ளி இல்லை.

"மார்னிதானே? நாடாவும் கையுமா அலைஞ்ச பொண்ணு?"

"அதே மார்னிதான். நாடா மட்டும் புதுசு."

அவர் சிரிக்கவில்லை. அவருடைய மூத்த மகள் கைசா படத்தில் நடிகைக்கு மாற்றாக வேலை செய்தாள். அதாவது, நடிகையின் முகம் தேவைப்படாத இடத்தில் முதுகைக் காட்டுகிறவள், கையைக் காட்டுகிறவள். படம் வெளியாவதற்கு முந்தைய குளிர்காலத்தில் பாலத்தின் மேல் உறைந்திருந்த பனியில் அவள் கார் சறுக்கி ஆற்றில் விழுந்தது. அப்போது அவளுக்கும் பதினேழு.

"இல்மா உன்கிட்ட வருவா," என்றார். "என் சின்னவ. காட்டுக்குள்ள ஓடுறது அக்காதானேன்னு கேப்பா. ஆமான்னு சொல்லிடு."

"அது கைசா இல்லையே, ஆர்வோ." வாயில் வந்துவிட்டது. அந்த ஓட்டத்தை இங்கே ஷூட்டிங் முடிந்து வெகுநாள் கழித்து வேறொரு ஊரில், ஒரு சண்டைக் கலைஞரை வைத்து எடுத்தார்கள்.

"எனக்குத் தெரியாதா? என் பொண்ணு ஓடினா வாத்து ஓடுற மாதிரி இருக்கும். பஸ்ஸப் பிடிக்க அவ ஓடி வர்றத தினம் பக்கவாட்டுக் கண்ணாடில பாத்தவன் நான். ஒரே தடவ படத்துக்குப் போனேன். அந்த முதுகு ஓடுச்சு, ஊரே கை தட்டுச்சு, எழுந்து வந்துட்டேன்." குவளையைச் சுழற்றினார். "இல்மாவுக்கு அக்கா மூஞ்சி மறந்துகிட்டே வருது. போட்டோவப் பாத்தா போட்டோதான் ஞாபகத்துல நிக்குதுங்கிறா. அசையுறது அந்த முதுகு ஒண்ணுதான். அதையும் பிடுங்கிடாத."

எழுந்து வந்துவிட்டார் என்றால் கண்ணாடிக் காட்சியை அவர் பார்த்ததே இல்லை. அது ஓட்டத்துக்குப் பிறகு வருவது. அதில் இருப்பது யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் டார்லீன் கத்தினாள்.

"ஏய் ஹாலிவுட்டு! கழுத்தக் காட்டு, மேடைக்கு ஏறு. அங்க ஐம்பது பேரு பல்லு மாட்டிட்டு உக்காந்திருக்கான். பசிக்குதாம்."

மேடையில் மேகத்தைப் பற்றியும் ரத்தத்தைப் பற்றியும் சொன்னேன். கண்ணாடிக் காட்சியைப் பற்றிப் பேசவில்லை. இறங்கும்போது, விளக்கு அணைகிற நேரத்தில், ஒரு பெண் வழியில் நின்றாள். உயரம், வெளிறிய புருவம். கைசா எழுந்து வந்த மாதிரி இருந்தது என்று சொன்னால் பொய்யாகாது.

"நான் இல்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். காட்டுல ஓடுறது..."

ஆமா என்று சொல்ல ஒரு நொடி போதும். எனக்கு அது வரவில்லை. "பக்கத்துல உக்காந்துக்கவா? படம் ஓடட்டும், சொல்றேன்."

படம் ஓடியது. ரசிகர்கள் வசனங்களை நடிகர்களுக்கு முன்பே சொன்னார்கள். சைலஸ் வரும்போதெல்லாம் பின்வரிசையில் ஓநாய்போல் ஊளை. பிறகு காடு வந்தது. பாசி படிந்த மரங்களுக்கிடையில் ஒரு முதுகு, பறக்கும் கூந்தல். வெளியூர் ரசிகர்கள் சும்மா இருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் எழுந்து நின்றார்கள். "கைசா! கைசா!" வருடாவருடம் செய்வது போலிருக்கிறது. டார்லீன் கதவருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினாள். தங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு முதுகுக்கு அவ்வளவு பேரும் கை தட்ட, நான் கைகளை மடியிலேயே வைத்திருந்தேன்.

இல்மா உட்கார்ந்தே இருந்தாள். திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"நீங்க கை தட்டல."

"இல்ல."

"அவ இல்லையா?"

"இல்ல, இல்மா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"சொல்லாதேன்னுதான் சொன்னாரு."

"அப்ப என்கிட்ட ஒண்ணுமே இல்ல." கோபம்கூட இல்லாத குரல். எழுந்தாள். நான் அவள் சட்டையின் கையைப் பிடித்தேன்.

"உக்காரு. கண்ணாடி வரட்டும். அது வரைக்கும் இரு. அப்புறம் என்னைத் திட்டிட்டுப் போ."

கண்ணாடிக் காட்சி எல்லோருக்கும் தெரியும். அடேல் கண்ணாடிமுன் நிற்கிறாள். சைலஸ் பின்னால் வந்து அவள் கூந்தலை ஒதுக்குகிறான். கண்ணாடியில் அவன் இல்லை. கூந்தல் மட்டும் தானாக நகர்கிறது. அடேலுக்கு அவன் யாரென்று புரிகிறது.

கண்ணாடியில் ஓர் ஆளை மட்டும் எப்படி அழிப்பது? கணினியில் செய்யலாம், அப்போது செலவு அதிகம். எங்கள் இயக்குநர் பழைய வழியில் செய்தார். கண்ணாடியே இல்லை. சுவரில் ஒரு ஓட்டை, அதைச் சுற்றிக் கண்ணாடிச் சட்டம். ஓட்டைக்கு அந்தப் பக்கம் இந்த அறையைப் போலவே இன்னோர் அறை, எல்லாம் இடம் வலம் மாறி. புத்தகங்களின் தலைப்பைக்கூடத் திருப்பி அச்சிட்டு ஒட்டினார்கள். இந்தப் பக்கம் நடிகை. அந்தப் பக்கம் அவளைப் பார்த்தபடி, அதே உடையில், வகிடு மாற்றி எடுத்த இன்னொரு பெண். நடிகை வலது கையைத் தூக்கினால் அவள் இடது கையைத் தூக்க வேண்டும். காட்டேரிக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை, அவ்வளவுதான். இடது கை பழகிய பெண் வேண்டுமென்று தேடினார்கள். ஊரில் கைசாதான் இருந்தாள். வெளியே மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மூச்சு விடவில்லை அவள்.

கூந்தலை நகர்த்தியது நான். கைசாவின் காலடியில், சட்டத்துக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, அவள் கூந்தலில் முடிந்திருந்த, சால்மன் மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பை இழுத்தேன். பழைய மர ஆலைக் கொட்டகை அது, சூடேற்றும் வசதி கிடையாது. அங்கிருந்து அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. முழங்கால்கள் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தன. குளிர் என்று நினைத்தேன்.

இதையெல்லாம் இல்மாவின் காதோடு சொல்லி முடிப்பதற்கும் திரையில் அந்த அறை வருவதற்கும் சரியாக இருந்தது.

"எல்லாரும் வெறும் இடத்தையே பாப்பாங்க. அவன் இல்லாத இடத்த. முகத்தப் பாத்தாலும் நடிகைன்னே நினைச்சுக்குவாங்க. நீ அதப் பாக்காத. கண்ணாடிக்குள்ள இருக்கிற முகத்தப் பாரு."

அரங்கம் அடங்கியது. ஊளை இல்லை. திரையின் ஓரத்தில் நடிகையின் கன்னம் பெரிதாகத் தெளிவாக, கண்ணாடிக்குள் இருக்கும் உருவம் மங்கலாக. அப்படித்தான் திட்டம். கேமரா லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும். ஆனால் அந்த ஷாட்டில் நடிகை சொன்ன இடத்தைவிட முன்னால் சாய்ந்துவிட்டாள். லென்ஸ் திருப்புகிறவர் பதறி எதிர்ப்பக்கம் திருப்பினார். பக்கத்து முகம் கரைந்தது. தூரத்து முகம் துலங்கியது. தவறான ஷாட்தான். நடிகையின் குரல் அதில்தான் நன்றாக உடைந்திருந்தது என்று படத்தொகுப்பில் வைத்துக்கொண்டார்கள்.

அதனால் அங்கே, சட்டத்துக்குள், கைசா.

உண்மையான பிம்பம் நம்மோடு சேர்ந்தே அசையும். ஒரு மனுஷி பார்த்துத்தான் அசைய முடியும். நடிகை கை தூக்கி, கண்ணிமைக்கிற நேரம் கழித்துத்தான் கைசாவின் கை எழுந்தது. கூந்தல் தானாக விலகியது. அவள் கீழுதட்டைக் கடித்தாள். நடிகை கடிக்கவில்லை. பிம்பம் மட்டும் கடித்தது.

ரசிகர்கள் இந்த உதட்டைப் பற்றி எழுதாததில்லை. அடேலுக்கு முன்பே அவள் பிம்பத்துக்கு அவள் சாவு தெரிந்துவிட்டது என்பார்கள். உயிர் உடம்பை விட்டு விலகத் தொடங்கிய தருணம் என்பார்கள். அரங்கத்தில் யாரோ விம்மினார்கள். பார்த்த ஒவ்வொரு முறையும் எனக்கும் அதே பயம்தான். குளிரில் நடுங்கியவள், சில மாதங்களில் குளிர்ந்த ஆற்றுக்குப் போகப்போகிறவள்.

இல்மாவின் வலது கை மெல்ல எழுந்திருந்தது. காதைத் தொட்டாள், கழுத்துப்பட்டையை விலக்கினாள். திரையில் நடிகை செய்வதற்கு முன்பே செய்தாள்.

"எனக்குத் தெரியும் இது," என்றாள். மூச்சு வாங்கியது. "ஹால்ல என்னை நிக்க வெச்சு விளையாடுவா. காதத் தொடு, காலர விலக்குன்னு சொல்லித் தருவா, நான் செய்யச் செய்ய அவ எதிர்க்க நின்னு செய்யணும். சிரிச்சா அவுட். எப்பவும் அவதான் அவுட். உதட்டக் கடிச்சா இன்னும் ஒரு நொடிதான் தாங்குவான்னு எனக்குத் தெரியும்."

"அப்ப..."

"அழல. பயப்படல. சிரிப்ப அடக்குறா, மார்னி. நீங்க கீழ உக்காந்து முடிய இழுத்திருக்கீங்க. அவளுக்குக் கழுத்துல கூச்சம்."

முழங்கால்கள் நடுங்கியது நினைவுக்கு வந்தது. இத்தனை வருடம் குளிர் என்று நான் சுமந்தது.

திரையில் காட்சி மாறிவிட்டது. இல்மா எழுந்து முகப்புக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். ஆர்வோ மழையைப் பார்த்து நின்றார்.

"அப்பா, உள்ள வாங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் குற்றச்சாட்டு இருந்தது. "சொல்லிட்டியா?"

"வேற ஒண்ணு இருக்கு," என்றாள் இல்மா. "முகம். அசையுது."

படம் முடிந்து எல்லோரும் போகும்வரை அவர் முகப்பிலேயே நின்றார். பிறகு டார்லீனின் மேசையருகே போய்க் குனிந்து, சட்டைக் காலரை இறக்கினார்.

"ஆர்வோ, காட்சி முடிஞ்சாச்சு. சும்மா போ, உனக்கென்ன."

"வை."

டார்லீன் தூரிகையை நனைத்து இரண்டு புள்ளி வைத்தாள்.

காலி அரங்கத்தில் அந்தக் காட்சியை மறுபடி போட்டேன். கைசாவின் முகம் துலங்கிய இடத்தில் நிறுத்தினேன், அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று.

"நிறுத்தாத," என்றார். "நிறுத்தினா போட்டோ. வீட்ல நிறைய இருக்கு. ஓட விடு."

ஓட விட்டேன். கை தாமதமாக எழுந்தது. உதடு மடிந்தது. ஆர்வோவின் தொண்டையிலிருந்து வந்தது சிரிப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். ஒவ்வொரு முறையும் அவள் வெடித்துச் சிரிக்கப்போகிற நொடிக்கு முன்னால் காட்சி வெட்டப்பட்டது. அந்தச் சிரிப்பு எந்தப் பிரதியிலும் இல்லை.

ஆர்வோ பேருந்தைக் கிளப்பப் போனார். கழுத்துப் புள்ளியைக் கழுவ நானும் இல்மாவும் கழிப்பறைக்குப் போனோம். சாயம் கரைந்து தொட்டியில் இளஞ்சிவப்பாக ஓடியது. இல்மா குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடியில் அவள் முகம். அப்படியே அந்த முகம்.

அசையாமல் நின்றாள். பிறகு வலது கையைச் சட்டென்று தூக்கினாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

அந்தப் பக்கத்துக் கையும் அதே நொடியில் எழுந்தது. கொஞ்சமும் பிந்தவில்லை.

இல்மா கையை இறக்கவில்லை. இன்னொரு முறை, இன்னும் வேகமாக, ஏமாற்றுவதுபோல் தலையைச் சாய்த்தாள். பிம்பமும் சாய்ந்தது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு அங்கேயே காத்திருந்தாள். வெளியே ஆர்வோ ஹாரன் அடித்தார்.