ஜெரூஷா அக்காவுக்கு ஒரு நாற்காலி

தீபாவளிக்கு ஊருக்குப் போகிற கூட்டம் மொத்தமும் பெருங்களத்தூரில் என் பஸ்ஸுக்கு முன்னால் நின்றது. இந்த லட்சணத்தில் இன்றைக்குத்தான் அஃப்ஷான் என்கிற பெண் வேலைக்குச் சேருகிறாள்.

சிறுசேரியில் எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்களை வரவேற்று உட்காரவைப்பது என் பொறுப்பு. கடைசியாகச் சேர்ந்த மூன்று பேரும் மாதம் முடிவதற்குள் ஓடிவிட்டார்கள். மேனேஜர் அப்பாதுரை கறாராகச் சொல்லிவிட்டார்: “மெட்டில்டா, இந்தப் பொண்ணும் போச்சுன்னா அடுத்தது நீங்கதான்.” பெரிய மனிதர்! வந்தவளைக் குத்துக்கல்லாட்டம் உட்காரவைத்துவிட்டு ஒரு ஆள்கூட நிமிர்ந்து பார்க்காவிட்டால், யார்தான் தங்குவார்கள்?

நான் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். ரிசப்ஷனில் அவள் இல்லை. கேன்டீனுக்கு ஓடினால், எங்கள் டீம் மேஜையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் தண்ணீர் பாட்டிலை வைத்து யாருக்கோ இடம் போட்டிருந்தாள். சுற்றிலும் எங்கள் ஆட்கள், வழக்கம்போல ஆளுக்கொரு போனில்.

“மெட்டில்டா அக்காவா? டிராஃபிக்ல மாட்டிக்கிட்டீங்கன்னு சொன்னாங்க. காலையில ரொம்ப நேரம் யாருமே என்னைக் கேக்கல. வீட்டுக்கே போயிடலாம்னு எழுந்துட்டேன். நல்லவேளை, அவங்க வந்து எல்லாம் சுத்திக் காட்டுனாங்க. தொழுறதுக்கு ஒரு ரூம்கூட.”

“யாரு?”

“ஜெரூஷா அக்கா. சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டிருக்கேன்.”

மாதாவே! எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவள் ஜெரூஷா. போன மழைக்காலத்தில் ஸ்கூட்டி வழுக்கிச் செத்துப்போனாள். கல்லறையில் நானே ஒரு பிடி மண் போட்டேன். செத்தும் என் வேலையை அவள்தான் பார்க்க வேண்டியிருக்கிறது!

மேஜையில் ஸ்பூன் சத்தம் நின்றது. அந்த நாற்காலியை இழுக்க வந்த அப்பாதுரை வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

“என்னக்கா? எல்லாரும் ஏன் இப்படிப் பாக்குறீங்க?”

பொய் சொன்னால் இருப்பாள். நிஜத்தைச் சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், என் வேலையும் போகும். ஆனால் வந்த முதல் நாளே பொய்யா? சொல்லிவிட்டேன்.

அவள் முகம் வெளுத்தது. கை பையின் மேல் போனது. பாட்டிலைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

“நான் கூப்பிட்டப்ப அவங்க அழுதுட்டாங்கக்கா. ‘ஆறு வருஷத்துல இந்த ஆபீஸ்ல என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட மொத ஆள் நீதாம்மா’ன்னாங்க.”

எங்கள் அத்தனை பேரையும் முதல் நாளில் இந்த மேஜைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தவள் ஜெரூஷா. அவள் எங்கே சாப்பிட்டாள் என்று எங்களில் யாருக்குமே தெரியாது.

அஃப்ஷான் பையை விட்டுவிட்டாள். தன் டப்பாவைத் திறந்து, பாட்டில் இருந்த பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

“அக்கா, நாளைக்கும் அவங்களுக்கு இடம் போட்டு வைக்கட்டுமா?”