காதுமடலில் ஆறாத புண்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒரு காதைப் பற்றிய கதை சொல்லப்போகிறேன். உங்கள் இரண்டு காதையும் எனக்குக் கொடுங்கள்.

கூரை வேலை செய்கிற தச்சர் ஒருவர். அளவில் ஒரு நூல் பிசகினாலும் சட்டத்தைக் கழற்றிவிடுவார் என்பதால் எல்லாருக்கும் அவர் நூலண்ணன். முப்பது வருடம் கொளுத்தும் வெயிலில் கூரைமேலேயே போயிற்று. வலது காதில் எப்போதும் ஒரு பென்சில்.

அந்தக் காதின் மேல்விளிம்பில் சொரசொரவென்று ஒரு பொருக்கு வந்தது. உதிர்ந்தது, ரத்தம் கசிந்தது, மறுபடி பொருக்குக் கட்டியது. பென்சில் உரசிய புண் என்று அவரே முடிவுகட்டி, பென்சிலை இடது காதுக்கு மாற்றினார். அத்தோடு வைத்தியம் முடிந்ததாக நினைப்பு. மனைவி கேட்டால், "வலிக்கவா செய்யுது? விடு" என்பார்.

நான்கு மாதம் ஓடியது. முடிவெட்டுகிறவர் ஒரு நாள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, போன தடவையும் இது இருந்துச்சு. அதுக்கு முந்தியும் இருந்துச்சு. இப்ப பெருசாயிருக்கு."

"பென்சில் உரசுனதுப்பா."

"பென்சில்தான் அந்தப் பக்கம் குடிபோயிருச்சே! அந்தக் காது நல்லாத்தானே இருக்கு?"

நூலண்ணனுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"புத்துநோயா இருந்துட்டா? தெரியாமலே இருந்துட்டுப் போறேனே."

"உங்களுக்குத் தெரியலைன்னா அது போயிடுமா? சட்டையைப் போடுங்க."

அதற்குள் அவள் செருப்பை மாட்டியிருந்தாள்.

தோல் மருத்துவர் ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். தோலின் மேலடுக்கில் வருகிற செதிள் செல் புற்றுநோய் என்று முடிவு வந்தது. நூலண்ணன் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார்.

"வருஷக்கணக்கா பட்ட வெயிலோட வேலை இது. கழுத்தைத் தொட்டுப் பாத்துட்டேன், நெறி எதுவும் கட்டலை. நல்லவேளை வந்தீங்க. இதையும் சுத்தி இருக்கற நல்ல தோல்ல கொஞ்சத்தையும் சேத்து எடுத்துடலாம்."

"நல்ல தோலை எதுக்கு டாக்டர்?" என்று மனைவி கேட்க, நூலண்ணன் முந்திக்கொண்டார்.

"கரையான் அரிச்ச சட்டத்தை நல்ல மரம் வரைக்கும் வெட்டணும். இல்லேன்னா திரும்ப வந்துரும்."

"நீங்களே ஆபரேஷன் பண்ணிடுவீங்க போலிருக்கே!" என்று சிரித்தார் டாக்டர்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்துப் போனபோது, வெட்டிய ஓரத்தில் நோயின் மிச்சம் இல்லை என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் மனைவி ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து நெடுமூச்சு விட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் காதைப் பார்த்தாள்.

"ஒரு ஓரம் கம்மி. அதைச் சாக்கா வச்சு, நான் சொல்றது கேக்கலைன்னு சொல்லிடாதீங்க."

"முன்னாடி மட்டும் கேட்டேனா?"

இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள்.

காதை மூடுகிற அகலத் தொப்பியோடு அவர் வேலைக்குத் திரும்பினார். சில மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும். தன்னோடு கூரை வேலை செய்கிறவர்களைக் கூட்டிவைத்து அவர் சொன்னது இதுதான்: "ஒரு புண்ணு ரெண்டு மூணு வாரத்துல ஆறலைன்னா, அதுக்கு நாமளே ஒரு காரணம் சொல்லிக்கிட்டுக் கெடக்கக் கூடாது. வலிக்கலைன்னாலும் போய்க் காட்டணும். சீக்கிரம் பாத்தா சின்ன வெட்டோட போயிடும். நாம பயந்து ஒளிஞ்சா நோய்க்குத்தான் வசதி."

உங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் உற்றுப் பார்த்துச் சொல்ல ஆள் குறையாமல் இருக்கட்டும். சொன்னதைக் கேட்கிற மனசும் குறையாமல் இருக்கட்டும். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நல்லா இருங்கள், கண்ணுகளா.