லீவரைத் தள்ளிய கை

தொழிற்சாலையில் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவர் 'மச்சினர்'தான். ஐம்பது வருஷம் உழைத்து அவர் சம்பாதித்த பெயர் அது: முதலாளியின் மச்சினர். இன்ஜின் பிரிவுத் தலைவர் என்று அவர் அறைக் கதவில் பலகை தொங்கியது. அதை யார் படித்தார்கள்?

முதலாளி, அதாவது அவருடைய அக்கா புருஷன், செத்து ஒரு வருஷம் ஆகிறது. செத்தும் விடவில்லை மனுஷன். பழைய பட்டறையை அருங்காட்சியகமாக்கி, அவர் போட்ட மூக்குக்கண்ணாடி, கடித்துத் துப்பிய பென்சில் எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். இன்று திறப்பு விழா. மந்திரிக்குப் பேச இருபது நிமிஷம், மச்சினருக்கு ஐந்து நிமிஷம்.

கூட்டம் சேருவதற்குள் மச்சினர் ஒரு சுற்றுப் பார்த்து வரப் போனார். நடுக்கூடத்தில் முதல் கார் பளபளவென்று நின்றது. அதன் கார்புரேட்டரை ராப்பகலாகப் பிரித்துப் பிரித்துப் பூட்டியது இவர். பலகையில் யார் பெயர்? கேட்கவே வேண்டாம். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம். ஸ்டியரிங்கில் அக்கா, பக்கத்தில் கையில் கட்டோடு சிரிக்கும் அத்தான், காருக்கு முன்னால் குனிந்து கைப்பிடியைச் சுற்றும் ஒரு முதுகு. அந்த முதுகுதான் மச்சினர்.

ஆனாலும் அவரிடம் ஒரு சொத்து இருந்தது. ஐம்பது வருஷமாக யாருக்கும் காட்டாத சொத்து.

அந்தக் காலத்துக் காரை முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு சின்ன லீவர் உண்டு. கிளப்பும்போது அது மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் இன்ஜினுக்குள் பெட்ரோல் அவசரப்பட்டுப் பற்றி, கைப்பிடியை எதிர்ப்பக்கம் உதறிவிடும். முதல் ஓட்டத்தன்று ஊரே திரண்டு நின்றது. பத்திரிகைக்காரர்கள் அத்தானை மொய்த்தார்கள். அதில் ஒருவன் மச்சினரைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழறீங்க" என்றான். வயிறு பற்றி எரிந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் கையை உள்ளே விட்டு லீவரைக் கீழே தள்ளினார். அத்தானுக்குக் கை சுளுக்கினால் வண்டியை ஓட்ட வேறு யார் இருக்கிறார்கள்? தான்தானே!

அத்தான் வந்து கைப்பிடியைச் சுற்றினார். சுளுக்கவில்லை. மணிக்கட்டே முறிந்தது. டாக்டர் கட்டுப் போட்டு முடித்ததும் அத்தான் அக்காவைப் பார்த்து, "நீ ஓட்டு" என்றார். அவளுக்கு எப்போது கற்றுக்கொடுத்தாரோ, யாருக்குத் தெரியும்! மச்சினர் கைப்பிடியைச் சுற்றினார்.

கட்டோடு இருந்த ஆறு வாரமும் அத்தான் சும்மா இருக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்ப வேண்டும் என்று இடது கையால் வரைந்து தள்ளினார். பெரிய வண்டிகளில் மட்டுமே இருந்த ஸ்டார்ட்டரைச் சின்ன வண்டிக்குள் கொண்டுவந்தார். கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது அதுதான். ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடும்போதெல்லாம் மச்சினர் மனசுக்குள் சொல்லிக்கொள்வார்: 'எல்லாம் என்னாலதான்யா. நான் அந்த லீவரைத் தள்ளலேன்னா உங்க ஆளு இன்னும் பட்டறையில கிரீஸ் துடைச்சிட்டு இருப்பாரு.' கேவலமான பெருமைதான். ஆனால் அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

கடைசிப் பெட்டியில் அந்தக் கைப்பிடி இருந்தது. பக்கத்தில் அத்தானே சாவதற்கு முன் எழுதிக் கொடுத்த சீட்டு: 'லீவரைப் பார்க்காமல் சுற்றினேன். தவறு என்னுடையது. அந்தத் தவறிலிருந்துதான் ஸ்டார்ட்டர் பிறந்தது.'

மச்சினர் சீட்டை இரண்டு தடவை படித்தார். அட பாவி மனுஷா, இதையுமா உன் பேர்ல எழுதிக்கிட்டே?

பொறுப்பாளர் அம்மாவைத் தேடிப் பிடித்தார். "இந்தச் சீட்டை எடுத்துடுங்கம்மா. தப்பா இருக்கு."

"ஐயா கைப்பட எழுதினது சார். எது தப்பு?"

மச்சினர் மேடையைப் பார்த்து நடந்தார்.

மைக் முன் நின்றபோது எழுதி வைத்திருந்த பேச்சு பையிலேயே கிடந்தது. "அந்தச் சீட்டுல இருக்கறது பொய்" என்றார். "லீவரைக் கீழே தள்ளினது நான். பொறாமையில தள்ளினேன். அவர் கையை உடைச்சது நான்தான்."

 மந்திரி எழுந்து நின்று கைதட்டினார். "மச்சினன்னா இப்படி இருக்கணும்! போனவர் பேர்ல ஒரு தப்புகூட இருக்கக் கூடாதுன்னு தன் தலையில தூக்கிப் போட்டுக்கறாரு, பாருங்க!"

"அய்யோ, நிஜமாத்தான் சொல்றேன்!" என்று மச்சினர் கத்தினார். கைதட்டல் இரண்டு மடங்கானது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முன்வரிசையில் ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. மச்சினர் இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றார். "நீயாவது நம்புக்கா."

"உக்காருடா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் அக்கா. "அன்னைக்கு நான் ஸ்டியரிங்ல உக்காந்ததும் நீ குனிஞ்சுகூடப் பாக்கலை. நேரா கையை உள்ள விட்டு லீவரை மேல தள்ளிட்டு, அப்புறம் போய்ச் சுத்தினே. எதனால கை உடைஞ்சதுன்னு அப்போ எங்களுக்கே தெரியாது. உனக்கு மட்டும் எப்படிடா தெரிஞ்சுது? ரெண்டு பேரும் பார்த்துட்டுத்தான் இருந்தோம்."

"அத்தான் ஒரு வார்த்தை கேக்கலையே!"

"நான்தான் கேக்கச் சொன்னேன். வேண்டாம்னுட்டாரு. வெளியில தெரிஞ்சா அவனை யாரு வேலைக்கு வைப்பாங்க, நானே வச்சுக்கறேன்னாரு."

கைதட்டல் ஓயவில்லை. ஐம்பது வருஷமாக அவர் ஏங்கிய கைதட்டல். மச்சினர் நாற்காலியில் உட்கார்ந்தார். அழுகை வரும் என்று நினைத்தார். வரவில்லை. மன்னிக்கிறதிலும் அந்த ஆள் முந்திக்கொண்டுவிட்டாரே என்று வயிறுதான் எரிந்தது.