அறுபது தலைக்கு ஒரு கொட்டகை

கம்பம் ஊரில் ஒரு குடும்பத்தைப் போட்டோ பிடிப்பதும் ஒரு பட்டாளத்தை அணிவகுக்க வைப்பதும் ஒன்றுதான். மச்சினனை விட்டுவிட்டு எடுத்தால் அடுத்த மாதமே பஞ்சாயத்து. சின்ன மாமனாரைப் பின்வரிசைக்குத் தள்ளினால் சம்பந்தி வீட்டில் பச்சைத்தண்ணீர் கிடைக்காது. இதையெல்லாம் யோசித்துத்தான் இஞ்ஞாசிமுத்து வீட்டுக் கொல்லையில் அத்தனை பெரிய ஸ்டூடியோக் கொட்டகையைப் போட்டான். மேலே முழுக்கத் தகரம். சுவர் ஒரு செங்கல் கனம். மூலையில் பலகை அடைத்து, படம் கழுவ ஓர் இருட்டறை. வாசலில் பலகை: ‘ஒரே படத்தில் அறுபது தலை.’

தை மாதம் நூல் பிடித்தபோதே மனைவி ஆரோக்கியம்மாள் சொன்னாள்: “இருக்கிற கல்லுக்கும் மண்ணுக்கும் சின்னதாக் கட்டுங்க. முழக்கனச் சுவரா, பாதி தரைக்குள்ள எறக்கி, கீத்து மேஞ்சு. கண்ணாடிப் பிளேட்டு சூடு தாங்காதுன்னு நீங்கதான சொல்லுவீக?”

“அதுக்குள்ள எத்தன பேரு நிப்பாக?”

“ஆறு பேரு.”

“ஆறா! இந்த ஊர்ல பொண்ணு பாக்கவே இருபது பேரு வர்றாக ஆத்தா.”

தையில் பனி இருந்தது. அவன் பேச்சு எடுபட்டது. சித்திரை வந்ததும் சூட்டில் தகரம் பேச ஆரம்பித்தது.

அந்தச் சித்திரையில் ஒரு காலை, தெற்குத்தெரு ராஜாத்தியின் மகள் கருத்தம்மாள் காய்ச்சலில் போய்விட்டாள். எட்டு வயது. தகப்பன் சுருளிவேல் மலைமேல் ஏலத்தோட்டத்தில் இருந்தான். ஆள் அனுப்பியாயிற்று; ஆனால் அவன் இறங்கிவர மறுநாளாகும். அடிக்கிற வெயிலில் அதுவரை வைத்திருக்க வழியில்லை. நாலு மணிக்கு எடுப்பதென்று முடிவானது.

போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பிள்ளையைக் கேமரா பக்கமே விடாத வீடு அது. இனிக் குறைய ஆயுசு ஏது? நாற்காலியில் சாய்த்து, பூ வைத்து, இஞ்ஞாசிமுத்துவைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள்.

யுத்தத்தில் பிளேட் வரத்து நின்று மூன்று மாதம். அவனிடம் மிச்சம் இரண்டே இரண்டு. ஒன்றில் எடுத்ததை நாலு மணிக்குள் கழுவிப் பார்த்துவிட்டால், கெட்டிருந்தாலும் மற்றதில் திரும்ப எடுக்கலாம். பிள்ளையைத் தூக்கிவிட்டால் எதை எடுப்பது?

உச்சி வெயிலில் இருட்டறைக்குள் நுழைந்தான். மருந்துத் தண்ணீர் கஞ்சிச் சூடு சுட்டது. மண்பானைத் தண்ணீரை ஊற்றினான், பிளேட்டின் மேல்பூச்சு இளகாமலிருக்கப் படிகாரம் போட்டான், மாதாவைக் கூப்பிட்டான். சிவப்பு விளக்கில் நெற்றி தெரிந்தது. ஒரு கண் தெரிந்தது. அப்புறம் பாலாடை விலகுகிற மாதிரி பூச்சோடு முகம் கண்ணாடியை விட்டு நழுவியது. பிடிக்கப் போனான். விரலோடு வந்தது.

வெளியே ராஜாத்தி, விரித்த தலையோடு.

“மொகம் வந்துருச்சா, படக்கார அண்ணே?”

மாறுகண் மாப்பிள்ளையிடம் ‘கேமராதான் ஒருச்சாய்ச்சுப் பாக்குது’ என்று சாதித்தவன் அவன். இன்றைக்கு ஒரு பொய்யும் வாயில் வரவில்லை.

“கரைஞ்சு போச்சு தாயி.”

“கரைஞ்சா? எம்புள்ள என்ன வெல்லக்கட்டியா?” அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். “அவுக மலையெறங்கி வந்து மொகத்தக் காட்டுன்னு கேட்டா எதக் காட்டுவேன்? மண்ணையா?”

“இன்னொண்ணு இருக்கு. ஓடு. நான் வர்ற வரைக்கும் தூக்க விடாத.”

கடைசிப் பிளேட்டில் எடுத்து முடிக்கவும் பறைச்சத்தம் கிளம்பவும் சரியாக இருந்தது. இனித் தப்பினால் தப்பினதுதான்.

“விடியக்காலையில கழுவலாமா?” என்றாள் ஆரோக்கியம்மாள்.

“போன வாரம் விடியக்காலையில கழுவுனதும் சுருங்கிருச்சே. தகரம் ராவெல்லாம் ஆறல.” கொட்டகை நடுவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அப்பவே சொன்னேன் என்று அவள் சொல்லவில்லை. கடப்பாரையைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள்.

“எங்கன?”

“நடுவுல. ஓரத்துல தோண்டுனா உங்க சுவரு நிக்காது.”

முழங்கால் ஆழம்வரை மண் வெதுவெதுவென்றிருந்தது. இடுப்பளவில் நிறம் கறுத்தது. நெஞ்சளவில் உள்ளங்கால் சில்லிட்டது. தண்ணீர்ப் பானையையும் மருந்தையும் உள்ளே இறக்கி ஆறவிட்டார்கள். அறுபது தலைக்கு அளந்த தரையில் இனி பத்துப் பேர் சேர்ந்து நிற்க முடியாது.

குளித்த ஈரச்சேலையோடு ராஜாத்தி திரும்பி வந்தாள். பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“இங்கனயும் குழியா?”

ஆரோக்கியம்மாள் கடப்பாரையை ஓரமாக வைத்தாள்.

“அங்கன பொம்பள வரக்கூடாதுன்னு விட்டுட்டுப் போயிட்டாக. இங்கன இருக்கேன்.” விளிம்பில் உட்கார்ந்தாள்.

அவன் சிவப்பு விளக்கோடு இறங்கினான். வாசல் பலகையைக் கழற்றிக் குழியை மூடி, மேலே நனைத்த சாக்கும் கம்பளியும் போட்டாள் ஆரோக்கியம்மாள். உள்ளே மூச்சு முட்டியது. தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தான். நெற்றி வந்தது. கண் வந்தது. அவன் விரல்கள் நழுவலுக்குக் காத்திருந்தன. வாய் வந்தது. பூ வந்தது. முகம் கண்ணாடியிலேயே நின்றது.

எல்லாம் முடித்து மூடியை விலக்கச் சொன்னபோது நன்றாக இருட்டியிருந்தது. ஈரப் பிளேட்டை மேலே கொண்டுவர அவனுக்குத் துணிச்சல் இல்லை. குழிக்குள்ளேயே, அரிக்கேன் விளக்குக்கு முன்னால் பிடித்தான். ராஜாத்தி குனிந்தாள். முகம் கருகருவென்று, தலைமுடி வெள்ளைவெளேரென்று.

“நரைச்சிருக்கே...”

“இது நெகட்டிவ் தாயி. காலையில தாள்ல எடுத்துத் தாரேன். முடி கறுப்பாயிரும்.”

அவள் இன்னும் கிட்டக் குனிந்தாள்.

“தாளுல எடுங்கண்ணே. ஆனா அவுக வந்தா இதையும் காட்டணும். எம்புள்ள கெழவியானத அவுகளும் ஒருதரம் பாத்துக்கிறட்டும்.”

பிளேட்டைக் காய வைக்கக் குழியின் அடியிலேயே சாய்த்துவிட்டு அவன் மேலே ஏறினான். ராஜாத்தி எழுந்திருக்கவில்லை.